நூலகரும் துறைத்தலைவரும்: சென்னைப் பல்கலைக்கழக நூலகவியல் பள்ளியின் தலைமைப் பொறுப்பு

முன்னுரை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், தன் பழைய நூலகவியல் பள்ளிக்கு மாற்றாக உருவாக்கிய தகவல் மேலாண்மை, முறைமைகள் பள்ளிக்கு 1995இல் ஹால் வேரியன் என்ற பொருளியலாளரை முதல் தலைவராக அமர்த்தியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் நூலகவியல் பள்ளியின் தலைமையில் இருந்த டேனியல் அட்கின்ஸ் கணிப்பொறிப் பொறியாளர். அவர் காலத்திலேயே, 1996இல், அப்பள்ளி ‘தகவல் பள்ளி’ எனப் பெயர் மாறியது. நூலகப் பணியின் வழியே வராத ஒருவர் நூலகரை உருவாக்கும் பள்ளிக்குத் தலைமை ஏற்கலாமா என்ற விவாதம் இத்தகைய நியமனங்களை ஒட்டி எழுந்தது; இன்றும் அது முற்றுப்பெறவில்லை.

இவ்விவாதத்தில் எளிதில் மறக்கப்படுவது, அதற்கு முன் நெடுங்காலம் நிலவிய வேறொரு வழக்கமாகும். பல்கலைக்கழக நூலகர் எவரோ அவரே நூலகவியல் பள்ளிக்கும் தலைவர் என்பது அவ்வழக்கம். இந்தியாவில் இவ்வழக்கத்தின் ஆற்றலையும் குறையையும் ஒருசேரக் காணத்தக்க இடம் சென்னைப் பல்கலைக்கழகம். எஸ். ஆர். இரங்கநாதன் (1892–1972) நூலகராகவும் ஆசிரியராகவும் இருந்து வளர்த்த அப்பள்ளியை, அவருடைய ஆளுமையின் வழியாக அன்றி, அவர் வகித்த பொறுப்பின் அமைப்பு வழியாக இக்கட்டுரை நோக்குகிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. தமிழகப் பல்கலைக்கழகங்கள் பல இன்று ‘புலம்’ என்று வழங்குவதையே இக்கட்டுரை ‘பள்ளி’ என்கிறது. 1929இல் சென்னையில் தொடங்கியது ‘கோடைக்காலப் பள்ளி’ என்றே அழைக்கப்பட்டது. அது துறையாக வளர்ந்தது பின்னர்தான். வளர்ந்த பின் வந்த பெயரைத் தொடக்கத்திற்கு ஏற்றிச் சொன்னால் வரலாறு மயங்கும்.

இரட்டைப் பொறுப்பின் தோற்றம்

1883இல் நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரிக்கு நூலகராக வந்த மெல்வில் டூயி, 1887 சனவரி 5ஆம் நாள் அங்கே நூலகப் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பில் இருந்த 20 மாணவர்களில் 17 பேர் பெண்கள். கொலம்பியாவோ அன்று ஆண்களுக்கு மட்டும் உரிய கல்லூரி. ஆட்சிக்குழு வகுப்பறை தர மறுத்தது. வழிபாட்டுக் கூடத்தின் மேலிருந்த பயன்படாத சரக்கறை ஒன்றைத் துப்புரவு செய்து அதில் டூயி வகுப்பு நடத்தினார். கல்லூரித் தலைவர் பர்னார்டு 1888இல் பதவி விலகியதும் டூயிக்கு இருந்த ஆதரவு குன்றியது. அவ்வாண்டின் இறுதியிலேயே டூயியும் விலகினார். 1889இல் அவர் நியூயார்க் மாநில நூலகராக ஆல்பனிக்குச் சென்றபோது பள்ளியும் அவர் பின்னே ஆல்பனிக்குச் சென்றது. கொலம்பியாவில் அது விட்டுச் சென்ற பேராசிரியர் பதவியோ துறையோ எதுவும் இல்லை.

இந்த வடிவமே இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. டூயியின் மாணவரான ஆசா டான் டிக்கின்சன் 1915இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்திற்கு நூலகராக வந்தவர்; பயிற்சி வகுப்பையும் அவரே நடத்தினார். அமெரிக்காவில் நூலகவியல் பள்ளிகள் பல்கலைக்கழகங்களுக்குள் அமைய வேண்டும் என 1923ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அறிக்கையில் வற்புறுத்தியவர் சார்லஸ் வில்லியம்சன். 1926இல் பள்ளி மீண்டும் கொலம்பியாவுக்குத் திரும்பியபோது அதன் தலைவராக அமர்த்தப்பட்டவர் அவரே. பல்கலைக்கழக நூலகங்களின் இயக்குநர் பொறுப்பும் அவரிடமே சேர்ந்தது. சீர்திருத்தக்காரரும் இரட்டைப் பொறுப்பைத் தவிர்க்கவில்லை.

கணித ஆசிரியர் நூலகரானமை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் பதவிக்கு ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்ததாகக் கூறுவர். 1924 சனவரியில் அப்பொறுப்பை ஏற்ற இரங்கநாதன் அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். நூலகப் பயிற்சி எதுவும் பெறாதவர். பெர்க்லியிலும் மிச்சிகனிலும் பின்னாளில் எழுந்த கேள்வியை 1924இல் சென்னையிலும் ஒருவர் எழுப்பியிருக்கலாம். வெளித்துறையிலிருந்து தலைமை வருதல் தகவல் யுகத்தின் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் இவ்வகையில் திருத்தத்திற்கு உரியது. நூலகவியலின் ஆகப்பெரும் கோட்பாட்டாளரே வெளியிலிருந்து வந்தவர்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் தான் தேர்ந்த கணித ஆசிரியரை அவ்வாண்டின் பிற்பகுதியில் இலண்டனுக்கு அனுப்பியது. 1919இல் தொடங்கப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி நூலகவியல் பள்ளியில் அவர் பயின்றார். அங்கு அவருக்கு வகைப்பாடு கற்பித்த பெர்விக் சேயர்ஸ் அதே வேளையில் கிராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர். நூலகத்தை நடத்துபவரே வகுப்பையும் எடுப்பார் என்ற காட்சியை இரங்கநாதன் நேரில் கண்டார். கிராய்டன் நூலகத்திலேயே செயல்முறைப் பயிற்சியும் பெற்றார். 1925இல் அவர் சென்னை திரும்பியபோது கொண்டுவந்தவற்றுள் இம்முன்மாதிரியும் ஒன்று என்று கருத இடமுண்டு.

பள்ளியின் வளர்ச்சி

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது; இரங்கநாதன் அதன் செயலாளர். 1929இல் கோடைக்காலப் பள்ளியைத் தொடங்கியது சங்கமே. அப்போது பல்கலைக்கழகத்திற்கு அதில் பொறுப்பில்லை. 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுச் சான்றிதழ் வகுப்பாக்கியது. 1937இல் அது பட்டதாரிகளுக்கு உரிய ஓராண்டு முழுநேரப் பட்டயக் கல்வியாக உயர்ந்தது. கோடை விடுமுறையில் நடந்த ஒரு சங்க வகுப்பு எட்டே ஆண்டுகளில் பட்டமேற்படிப்பாயிற்று என்பது சிறிய செய்தியன்று.

இவ்விரைவுக்கு இரட்டைப் பொறுப்பே அடிப்படை எனலாம். நூலகமே பள்ளியின் ஆய்வுக்கூடமாக இருந்தது. காலையில் வகுப்பில் விளக்கப்பட்ட விதி மாலையில் நூலடுக்கில் சோதிக்கப்படத்தக்க நிலை இருந்தது. பாடநூல்கள் வெளிவந்த வரிசையும் இதற்குச் சான்று. ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்த 1931, பல்கலைக்கழகம் பள்ளியை ஏற்ற ஆண்டு. கோலன் பகுப்புமுறை 1933இலும் நூற்பட்டியல் விதித்தொகுப்பு 1934இலும் நூலக நிருவாகம் பற்றிய நூல் 1935இலும் வந்தன. வகைப்பாட்டுக் கோட்பாட்டை விரிக்கும் ‘புரொலகோமெனா’ வெளிவந்த 1937, பட்டயக் கல்வி தொடங்கிய ஆண்டு. பள்ளியின் ஒவ்வொரு படியும் ஒரு நூலைக் கோரியது. அந்நூலுக்கு வேண்டிய தரவை நூலகம் தந்தது. நூலைச் சங்கம் பதிப்பித்தது. 1936இல் கடற்கரையை நோக்கிய சேப்பாக்கத்தில் நூலகம் தனிக் கட்டடம் பெற்றதும் இவ்வரிசையில் சேர்த்து எண்ணத்தக்கது.

ஆனால் இந்த வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நின்றவர் ஒருவரே. நூலகர், தலைமை ஆசிரியர், பாடத்திட்ட வகுப்பாளர், பாடநூலாசிரியர், பதிப்பிக்கும் சங்கத்தின் செயலாளர் ஆகிய அனைவரும் இரங்கநாதனே. உடனாசிரியர்களாக வாய்த்தவர்கள் நூலகத்தில் அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்தவர்கள். 1940இல் வந்த நோக்கீட்டுப் பணி பற்றிய நூலை அவருடன் இணைந்து எழுதிய சி. சுந்தரம் அத்தகையவர். கணிதத்துறையிலோ வரலாற்றுத்துறையிலோ தலைவரின் கருத்தை மறுக்கத் தனிப் பேராசிரியர் ஒருவர் இருக்கக்கூடும். நூலகவியல் பள்ளியில் மறுப்பவர் அலுவலக முறைப்படி மேலதிகாரியையே மறுக்க வேண்டியிருந்தது. கோலன் பகுப்புமுறைக்கு அக்காலத்தில் சென்னைக்குள்ளிருந்து கூர்மையான எதிர்வாதம் வலுப்பெறாமைக்கு அதன் சிறப்பு மட்டுமே காரணம் எனக் கொள்வது பொருந்தாது.

வேறொரு சிக்கல் பல்கலைக்கழகத்தின் கணக்கில் இருந்தது. பள்ளியின் தலைமைக்கெனத் தனிப் பதவி இல்லாதபோது அதற்கெனத் தனி ஊதியமும் இல்லை. ஊதியம் இல்லாத பதவிக்கு ஆட்சிக்குழுவில் வாதிட ஆளும் இல்லை. நூலகர் என்ற முறையில் அவர் கேட்பது நூல்களுக்கும் பணியாளர்களுக்கும் இடத்திற்கும் உரிய நிதி. பேராசிரியர் என்ற முறையில் கேட்பதற்கு அவருக்கு இருக்கை இல்லை.

1945

இருபதாண்டுக்கும் மேற்பட்ட பணிக்குப் பின் இரங்கநாதன் சென்னையை விட்டு நீங்கி, 1945இல் துணைவேந்தர் எஸ். இராதாகிருஷ்ணனின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். மகன் யோகேஸ்வர் எழுதிய வாழ்க்கை வரலாறு உட்பட அவரைப் பற்றிய நூல்கள் இப்பிரிவை அவருடைய வாழ்வின் திருப்பமாகவே காண்கின்றன. பள்ளியின் வரலாறாகவும் அதனைக் காண வேண்டும். டூயி விலகியபோது கொலம்பியாப் பள்ளி அவருடன் சென்றுவிட்டது. சென்னையில் பள்ளி செல்லவில்லை. பட்டய வகுப்பு தொடர்ந்தது. பல்கலைக்கழகம் 1931இல் அதை ஏற்றதன் பயன் இது. சங்கத்தின் கோடைப் பள்ளியாகவே அது இருந்திருப்பின் 1945ஐக் கடந்திருக்குமா என்பது ஐயமே.

பள்ளி பிழைத்தது, ஆனால் முன்சென்றது தில்லி. துணைவேந்தர் மாரிஸ் குவையரின் அழைப்பால் 1947இல் இரங்கநாதன் தில்லிப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கு நூலகர் பொறுப்பில் இருந்தவர் சென்னையில் அவரிடம் பயின்ற எஸ். தாஸ் குப்தா. இரங்கநாதன் வகித்தது நூலகவியல் பேராசிரியர் பதவி மட்டுமே. அவர் வாழ்வில் நூலகமும் பள்ளியும் முதன்முறையாகத் தனித்தனிக் கைகளில் இருந்தன. நூலகவியலில் முதுநிலைப் பட்டத்தையும் ஆய்வுப் பட்டத்தையும் இந்தியாவில் முதலில் ஏற்படுத்தியது தில்லியே. இந்தியாவின் முதல் நூலகவியல் முனைவரான டி. பி. கிருஷ்ணராவ் இரங்கநாதனின் வழிகாட்டுதலில் அங்கேதான் பட்டம் பெற்றார். சென்னையில் அவர் இருபதாண்டு இருந்தும் பட்டயத்தைத் தாண்டாத கல்வி, தில்லியில் சில ஆண்டுகளில் முனைவர் பட்டம் வரை சென்றதற்கு விடுதலைக்குப் பிந்தைய சூழலும் குவையரின் ஆதரவும் காரணங்களே. பதவியின் வடிவமும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும். நூல் வழங்கல், பணியாளர் ஒழுங்கு, கட்டடம் ஆகிய அன்றாடக் கவலைகளிலிருந்து விடுபட்ட ஒருவரே ஆய்வுப் பட்டத்திற்கு விதி வகுக்க முடியும்.

அறக்கட்டளை இருக்கை

1950களின் பிற்பகுதியில் இரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து 1,00,000 ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார். துணைவியாரின் பெயரையும் சேர்த்து அது ‘சாரதா இரங்கநாதன் இருக்கை’ எனப் பெயர் பெற்றது. பெரும்பாலான நூல்கள் இதனை ஈகையாகவே போற்றுகின்றன. அத்தொகை அக்காலத்தில் ஓர் ஆசிரியரின் வாழ்நாள் சேமிப்புக்கு ஒப்பாகும். எனவே அப்போற்றுதல் தகும். எனினும் அவர் எதற்கு ஈந்தார் என்பது மேலும் கவனிக்கத்தக்கது. நூல் வாங்கவோ மாணவர் உதவித்தொகைக்கோ கட்டடத்திற்கோ அன்றி, ஒரு பதவிக்கு ஈந்தார். தாம் சென்னையில் பணியாற்றிய காலம் முழுதும் பள்ளிக்கு இல்லாதிருந்தது எதுவோ அதையே தம் பணத்தால் நிரப்பினார். பள்ளியின் தலைமையை நூலகர் நாற்காலியிலிருந்து பிரித்து நிலைநிறுத்தும் முயற்சியாக இதனைக் கொள்வது பொருந்தும்.

இரங்கநாதன் நீங்கியபோது துணைவேந்தராக இருந்தவர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், 1942 முதல் 1969 வரை அப்பொறுப்பில் இருந்த அவர் காலத்திலேயே இவ்விருக்கையும் ஏற்கப்பட்டது. இதிலிருந்து இருவரிடையே பகையையோ இணக்கத்தையோ வருவிப்பது வீண். ஒரே நிருவாகத்தின் கீழ், ஒரே மனிதர், நூலகராக இருந்து பெறமுடியாத பேராசிரியர் இருக்கையைக் கொடையாளராகத் திரும்பி வந்து பெற்றுத்தந்தார் என்பது மட்டும் தெளிவு.

1962இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கப்பட்டபோது அதற்கு இடம் தந்தது எந்த நூலகமும் அன்று. மகலனோபிஸ் என்னும் புள்ளியியலாளர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். இரங்கநாதன் அங்கு மதிப்புறு பேராசிரியராக இருந்தார். தகவல் என்பது புள்ளியியலுக்கும் கணிப்பொறிக்கும் அண்டை நிலம் என்ற எண்ணம் அமெரிக்கத் தகவல் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ஏறுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இவ்வேற்பாடு நடந்தது. நூலகவியல் பள்ளியொன்று நூலகத்திற்கு வெளியே, வேறொரு துறையாரின் கூரையின் கீழ் வளர்வதை அங்கு ஏற்றவர், முப்பதாண்டுக்கு முன் சென்னையில் நூலகத்தையும் பள்ளியையும் ஒரே மேசையிலிருந்து நடத்தியவரே ஆவார்.