செர்லொக் ஹோம்ஸும் அவன் பகைவரும்: ஒரு வரலாற்று நோக்கு

துப்பறியும் கதைகள் பொழுதுபோக்குக்குரியனவேயன்றி ஆராய்ச்சிக்குரியன அல்ல என்னும் எண்ணம் கற்றோரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. ஆயின், ஒரு சமுதாயம் எதனைக் கண்டு அஞ்சிற்று என்பதை அறிய, அது விரும்பிப் படித்த குற்றக் கதைகள் சிறந்த சான்றாகும். 1887 முதல் 1927 வரை ஆதர் கொனன் டொயில் எழுதிய செர்லொக் ஹோம்ஸ் தொடரின் 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் இந்நோக்கிலே அணுகலாம்.

முதலிரு நாவல்களிலும் குற்றத்தின் வேர் இங்கிலாந்துக்கு வெளியே கிடக்கின்றது. 1887இல் வெளிவந்த முதல் நாவலின் கொலையாளி, அமெரிக்காவின் யூட்டாவில் இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழிவாங்க இலண்டன் வருபவன். 1890இல் வந்த இரண்டாம் நாவலிலோ, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் ஆக்ராவிலே கொலைசெய்து கவரப்பட்ட செல்வமே கேட்டுக்குக் காரணமாகின்றது. ஹோம்ஸ் குற்றவாளியைப் பிடிக்கின்றான். செல்வம் தேம்ஸ் நதியில் மறைகின்றது. சுருட்டுச் சாம்பலையும் நுணுகி ஆராயும் அவன், அச்செல்வம் இந்தியாவில் எவருக்குரியது என்னும் வினாவை எழுப்புவதில்லை. அந்நாவலின் அந்தமான் தீவினனோ மனிதனாகவன்றி அச்சந்தரும் உருவமாகவே காட்டப்படுகின்றான்.

1893இல் தோன்றும் பேராசிரியர் மொறியாட்டி முற்றிலும் வேறானவன். அவன் ஆங்கிலேயன், கணிதம் வல்லவன், தன் கைபடாமலே குற்றங்களை இயக்குபவன். தீமை இப்போது கடல்கடந்து வருவதில்லை. கற்ற மூளையிலேயே உறைகின்றது. வரலாற்று நாவல்களில் நாட்டங்கொண்டிருந்த டொயில், ஹோம்ஸின் கதையை முடிக்கவே இவனைப் படைத்தார். எனினும் வாசகரின் வேட்கை ஹோம்ஸை 1903இல் உயிர்ப்பித்தது. மொறியாட்டியும் பின்னோக்கி வளர்ந்தான். 1893ஆம் ஆண்டுக் கதையில் அவன் பெயரையே கேள்வியுற்றிராத வாட்சன், அதற்கு முன் நிகழ்ந்ததாக 1914இல் எழுதப்பட்ட நாவலில் அவனை நன்கறிந்தவராகப் பேசுகின்றார். இம்முரண்பாடு, பகைவன் தொடருக்கு எத்துணை இன்றியமையாதவனாகி விட்டான் என்பதைப் புலப்படுத்தும்.

பகைவன் மாற நாயகனும் மாறினான். தொடக்கத்தில் இலக்கிய அறிவு சிறிதுமற்றவன் எனக் குறிக்கப்பட்ட ஹோம்ஸ், பின்னர் நூல்களை மேற்கோள் காட்டுகின்றான். 1890இல் கொக்கெயினை நாடியவனை அப்பழக்கத்தினின்றும் வாட்சன் விடுவித்தமை 1904ஆம் ஆண்டுக் கதையொன்றிற் சொல்லப்படுகின்றது. அதே ஆண்டில், பிறர் இரகசியங்களை வைத்துப் பணம் பறிக்கும் மில்வேட்டனின் வீட்டிலே ஹோம்ஸ் திருட்டுத்தனமாக நுழைகின்றான். பாதிக்கப்பட்ட பெண்ணொருத்தி அவனைக் கொல்வதைக் கண்டும் மறைக்கின்றான். சட்டமும் நீதியும் ஒன்றல்ல என்னும் உணர்வு இங்கே முதிர்ந்துள்ளது.

ஆயினும் இவ்வளர்ச்சி இறுதிவரை நீடிக்கவில்லை. முதலாம் உலகப் போரின்போது, 1917இல் வந்த கதையில் பகைவன் ஜேர்மனிய ஒற்றனாகின்றான். இளைப்பாறித் தேனீ வளர்த்துவந்த ஹோம்ஸ் அரசின் பணியாளனாகத் திரும்புகின்றான். தனிமனித மனச்சான்றின் இடத்தை நாட்டுப்பற்று கைப்பற்றிக்கொள்கின்றது.

எனவே, இத்தொடரின் பகைவர் வரிசை பிரித்தானிய நடுத்தர வர்க்கத்தின் அச்சங்களின் வரிசையே எனலாம்: முதலிற் கடல்கடந்த நாடுகள், பின்னர் தன் நகரம், ஈற்றிற் போட்டி வல்லரசு. 1891ஆம் ஆண்டுக் கதையொன்றில், ஹோம்ஸ் திருகோணமலையிலே நிகழ்ந்த ஒரு துயரத்தின் மர்மத்தைத் துலக்கியதாக ஒரு குறிப்பு வருகின்றது. அக்கதையை டொயில் எழுதவில்லை. இலண்டன் வாசகனுக்கு அவ்வூர் தொலைவை உணர்த்தும் பெயராக இருந்தாற் போதுமானதாயிற்று. அவ்வூரைப் பெயராகவன்றி ஊராகவே அறிந்த நாம், இத்தகைய கதைகளைச் சுவைக்கும்போதே அவை சொல்லாது விட்டவற்றையும் வினவுதல் வேண்டும்.