வட்டரங்கா, சூழரங்கா?

இலத்தீன் மொழியில் 'ஆம்பித்தியேட்ரம்' என்றொரு சொல் உண்டு. தமிழில் இதனை 'வட்டரங்கு' என்று எழுதி வருகின்றனர். இப்பெயர் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இச்சொல் கிரேக்கத்திலிருந்து இலத்தீன் பெற்றதாகும். 'ஆம்பி' என்பதற்கு இருமருங்கும், சுற்றிலும் என்பன பொருள். 'தியேட்ரான்' என்பது காணுமிடம். கிரேக்கர் மலைச்சரிவில் படிகள் அமைத்து அமர்ந்து, கீழே நிகழும் கூத்தைக் கண்டனர். திரிங்காப்பில் படிப்படியாக வெட்டிய தோட்டச் சரிவுகளைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். இருக்கைச் சரிவு ஒருபால் மட்டும் வளைந்திருப்பின் தியேட்ரான். சுற்றிலும் சூழ்ந்து நடுவே களம் இருப்பின் ஆம்பித்தியேட்ரம்.

கட்டடம் முந்தியது, பெயர் பிந்தியது. பாம்பேயி நகரில் கி.மு. 70ஐ ஒட்டி எழுந்த கல்லரங்கின் கல்வெட்டு, அதனைக் காட்சியிடம் எனப் பொருள்படும் 'ஸ்பெக்டாகுலா' என்றே குறிக்கிறது. கி.பி. 80இல் திறக்கப்பெற்ற உரோமாபுரிக் கொலோசியமோ வட்டமன்று. ஏறத்தாழ 188 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் உடைய நீள்வட்டம்.

பாரத நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. கிருட்டிணையாற்றங்கரை நாகார்ச்சுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை நடந்த அகழ்வில், இட்சுவாகு மன்னர் காலத்து அரங்கொன்று வெளிப்பட்டது. அதன் களம் நீள்சதுரம்; நாற்புறமும் இருக்கைப் படிகள். அணைநீர் அவ்விடத்தை மூடுமுன், அதன் அமைப்பை அனுப்பு என்னும் ஊரில் மீண்டும் எழுப்பினர்.

நீள்வட்டமாயினும் நீள்சதுரமாயினும், காண்போர் களத்தைச் சூழ்ந்திருத்தலே இவற்றின் பொது இயல்பு. ஆதலின் 'சூழரங்கு' என்பதே பொருந்தும் பெயராம்.