ஓடத் தெரியும், படிக்கத் தெரியாது என்றார்கள்

2019 டிசம்பரில் பால்டிமோர் நகரத்துக்குப் பக்கத்தில் என் அக்கா மகன் வீட்டில் போய் இரண்டு மாதம் இருந்தேன். வெளியில் எலும்பைத் துளைக்கிற குளிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும். அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் கூர்ந்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு பேர் பதினோரு பேர் மேல் விழுந்து மோதுகிறார்கள். ஒரு வாரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடா இது, சண்டையா ஆட்டமா?" என்று கேட்டேன்.

"மாமா, எல்லாரையும் பாக்காதீங்க. அந்த எட்டாம் நம்பர மட்டும் பாருங்க" என்றான்.

எட்டாம் நம்பர் சட்டை போட்டிருந்தவர் லமார் ஜாக்சன். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். அணியின் ஒவ்வொரு தாக்குதலும் அந்த இடத்தில் நிற்கிறவர் கையிலிருந்துதான் தொடங்கும். பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது எறிவது, எதிரணி எப்படி நிற்கிறது, இதையெல்லாம் கணக்குப் போடுகிற இடம். நம்ம ஊர் மொழியில் சொன்னால் அவன்தான் தலை, மற்றவர்கள் கை கால். அமெரிக்காவில் அந்தத் தலை நெடுங்காலம் வெள்ளைத் தலையாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அக்கா மகன் சொன்ன ஒரு வார்த்தைதான் இதை எழுதத் தூண்டியது. "இவர குவார்ட்டர்பேக்கா ஆடாத, ரிசீவரா ஆடுன்னு சொன்னாங்க மாமா." ரிசீவர் என்றால் ஓடிப்போய் பந்தைப் பிடிக்கிறவன்.

எனக்கு எங்கள் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. திண்டிவனம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. கைப்பந்து அணியில் நான் இருந்தேன். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில், செட்டராக, நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பி.டி. வாத்தியார் நல்லவர்தான், எங்களைத் தொட்டுப் பேசுவார். "நீ எகிறி அடிக்கிறதுல கில்லாடிடா. தூக்கிக் குடுக்கிற எடத்துக்கு யோசிக்கிறவன் வேணும்" என்று சொல்லி ஊர்த்தெருப் பையனை நிறுத்தினார். அது பாராட்டா வசவா என்று எனக்கு அப்போது புரியவில்லை. காலனியிலிருந்து போன நாங்கள் மூன்று பேரும் மூன்று வருஷமும் எகிறி அடித்துக்கொண்டே இருந்தோம்.

இனி ஆப்ஷன் என்கிற ஆட்டமுறை. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விஷயமே இதற்குள்தான் இருக்கிறது. சாதாரண ஆட்டத்தில் எதிரணியின் ஒவ்வொரு ஆளையும் நம் ஆள் ஒருவன் தடுப்பான். ஆப்ஷனில் ஓர் எதிராளியை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் அவனைப் பார்த்துக்கொண்டே பந்தை நடுவில் ஓடுகிறவன் வயிற்றில் வைப்பான், ஆனால் கையை எடுக்க மாட்டான். எதிராளி நடுவுக்குப் பாய்ந்தால் பந்தைத் திரும்ப உருவிக்கொண்டு தானே ஓரமாக ஓடுவான். பாயவில்லையென்றால் நடுவில் ஓடுகிறவனுக்கே விட்டுவிடுவான். ஓரத்தில் இன்னொருவன் வந்து மறித்தால் பக்கத்தில் கூடவே ஓடிவருகிற மூன்றாமவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவான். இந்த முடிவு எல்லாம் ஓரிரு நொடியில். இதற்கு அந்த ஆட்டக்காரர்கள் வைத்திருக்கிற சொல் 'படிப்பது'. எதிராளியைப் படிப்பது.

1968-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேரல் ராயலின் கீழ் துணைப் பயிற்சியாளராக இருந்த எமரி பெல்லார்டு இதன் புகழ்பெற்ற வடிவமான விஷ்போனைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அந்தப் பல்கலைக்கழகம் நாட்டுக்கே முதலிடம் பிடித்தது. அந்த 1969 அணியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. முழுக்க வெள்ளையர்களை மட்டுமே கொண்டு முதலிடம் பெற்ற கடைசி அணி என்று வரலாற்றில் அதற்கு இடம். ஆக, இந்த ஆட்டம் பிறந்தபோது அது வெள்ளையர் ஆட்டம். பிறகு ஓக்லஹோமா, நெப்ராஸ்கா பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. கறுப்பு இளைஞர்களுக்குக் கல்லூரிக் கதவு மெல்லத் திறந்தபோது குவார்ட்டர்பேக் இடத்துக்கு அவர்கள் வந்தது பெரும்பாலும் இந்த ஆப்ஷன் வழியாகத்தான். தாமஸ் லாட், ஜே.சி. வாட்ஸ், ஜமேல் ஹாலிவே ஓக்லஹோமாவில். டர்னர் கில், டாமி ஃபிரேசியர் நெப்ராஸ்காவில்.

கல்லூரி முடிந்து தொழில்முறை ஆட்டத்துக்கு, என்.எஃப்.எல்.-க்கு, வந்தால் கதை மாறிவிடும். லாட் அங்கே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவராக ஆக்கப்பட்டார். வாட்ஸை 1981-இல் நியூயார்க் ஜெட்ஸ் எட்டாம் சுற்றில் எடுத்தது, ஆனால் குவார்ட்டர்பேக் இடம் உண்டு என்று உறுதி தரவில்லை. அவர் கனடாவுக்குப் போனார். 1984-இல் கில்லும் கனடாவுக்கே போனார். ஃபிரேசியர் 1994, 1995 இரண்டு ஆண்டும் நெப்ராஸ்காவை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். 1996 ஜனவரியில் ஃபுளோரிடாவுக்கு எதிராக 75 கஜம் ஓடியபோது ஆட்கள் அவர் மேல் தொங்கித் தொங்கி விழுந்தார்கள். அந்த ஆண்டு என்.எஃப்.எல். தேர்வில் அவரை ஓர் அணிகூட எடுக்கவில்லை. காலில் இரத்தம் உறைகிற நோய் அவருக்கு வந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நோய் வராதவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆப்ஷன் ஆடாதவர்களுக்கும் இதே கதிதான். 1968-இல் டென்வரில் மார்லின் பிரிஸ்கோ வந்தார். நவீனத் தொழில்முறை ஆட்டத்தில் தொடக்க வீரராக இறங்கிய முதல் கறுப்பு குவார்ட்டர்பேக். அந்த முதல் ஆண்டே 14 டச் டவுன் எறிந்தார். அடுத்த ஆண்டு டென்வரில் அவருக்கு இடம் இல்லை. பஃபலோவுக்குப் போய் ரிசீவர் ஆனார். பாவம், அதிலும் சிறந்தவராகி, பிறகு மயாமி அணியோடு இரண்டு சூப்பர் பவுல் வென்றார். 'பார்த்தீர்களா, அவருக்கு ஏற்ற இடத்தைக் காட்டினோம்' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அதுவே போதும். வாரன் மூன் 1978-இல் கல்லூரியின் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலை வென்று, அதில் சிறந்த வீரர் பட்டமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் எறிகிற ஆள், ஓடுகிற ஆள் அல்ல. அவரையும் யாரும் எடுக்கவில்லை. எட்மண்டன் போய் 1978 முதல் 1982 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து கனடாவின் கோப்பையை வென்ற பிறகுதான் 1984-இல் ஹூஸ்டன் அவரைக் கூப்பிட்டது.

இந்த நாற்காலிப் பிரச்சினை நமக்குப் புதிதா? பல்வங்கர் பாலூ 1911-இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். அவர் பந்து வேண்டும், தலைமை வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். அவர் தம்பி விட்டலுக்கு இந்துக்கள் அணியின் தலைமை கிடைக்க 1923 ஆயிற்று. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

வெள்ளைப் பயிற்சியாளர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே பொய்யா? இல்லை. நியாயமாகப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துத் தொடங்குகிற கோடுகளுக்கு நடுவில் கல்லூரியில் 40 அடி இடைவெளி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு ஓரத்தில் இருந்தால் மறு ஓரம் வெட்டவெளி, ஓடலாம். தொழில்முறையில் பந்து எப்போதும் நடுவுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் இடம் குறைவு. அங்கே தற்காப்பு ஆட்களும் கனமானவர்கள், வேகமானவர்கள். பந்தோடு ஓடுகிற குவார்ட்டர்பேக்கைச் சட்டப்படியே இடித்துத் தள்ளலாம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனை எந்த முதலாளி அடிவாங்க விடுவான்? எறியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எதிரணி பத்து பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும், அதுவும் உண்மை. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இதில் சிக்கினார்கள். நெப்ராஸ்காவின் எரிக் க்ரவுச் 2001-இல் கல்லூரியின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் வாங்கியவர். செயின்ட் லூயிஸ் அவரை ரிசீவராகத்தான் எடுத்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் போய்விட்டார்.

ஆனால் ஒரு கேள்வி. 'ஆப்ஷன் இங்கே எடுபடாது' என்பது ஆட்டமுறையைப் பற்றிய பேச்சு. 'அவன் எதிரணியைப் படிக்கத் தெரியாதவன்' என்பது ஆளைப் பற்றிய பேச்சு. முதல் பேச்சு எந்த இடத்தில் இரண்டாவதாக மாறியது? ஒரு நொடியில் ஒரு மனிதனைப் படித்து முடிவெடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவனைப் பார்த்துத்தான் படிக்கத் தெரியாது என்றார்கள். கண்ணெதிரில் நடக்கிற படிப்பு அவர்களுக்குக் கால் வேகமாகத் தெரிந்தது. இதுவும் பழங்கதை என்று நினைக்காதீர்கள். தலையில் அடிபட்டு மூளை கெட்ட பழைய வீரர்களுக்கு என்.எஃப்.எல். நஷ்டஈடு கொடுத்தபோது, கறுப்பர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்தது என்று வைத்துக் கணக்குப் பார்க்கிற முறை நடப்பில் இருந்தது. அதைக் கைவிடுவதாகச் சொன்னது 2021-இல்.

சரி, யார்தான் ஆடிக் காட்டினார்கள்? 2011-இல் டென்வரில் டிம் டீபோ. வெள்ளையர். அவருக்காக அணி தன் ஆட்டத்தையே பாதியில் மாற்றிக் கல்லூரி ஆப்ஷனைக் கொண்டுவந்தது. எறிந்த பந்தில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை, 46.5 சதவீதம். ஆனாலும் பிட்ஸ்பர்க்கை வென்று அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ஒருவனுக்காக ஓர் அணி வளைந்துகொடுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. டர்னர் கில்லை விடவா அவர் நன்றாக எறிந்தார் என்று எனக்கு ஒரு கேள்வி, அதற்கு யார் பதில் சொல்வது? அதே 2011-இல் கேம் நியூட்டன் முதல் ஆண்டிலேயே 4,051 கஜம் எறிந்து, 14 டச் டவுன் தானே ஓடிப் போட்டார். ஓடவும் எறியவும் ஒருவனால் முடிந்தால் ஆப்ஷன் செல்லும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

2012 பருவத்தில் வாஷிங்டனில் ராபர்ட் கிரிஃபின் புயலாக வந்தார். முழங்கால் அடிபட்ட பிறகும் ஆடினார். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிராக அதே கால் மடங்கியது. பிறகு அவர் பழைய கிரிஃபினாக இல்லை. பயிற்சியாளர்கள் சொன்ன பயம் உண்மையான இடம் அது, மறைக்கக் கூடாது. அடுத்த வாரமே சான் ஃபிரான்சிஸ்கோவின் காலின் கேப்பர்னிக் கிரீன் பே அணிக்கு எதிராக 181 கஜம் ஓடினார். ஒரே ஆட்டத்தில் எந்த குவார்ட்டர்பேக்கும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. நெவாடா பல்கலைக்கழகத்தில் பழகிய அதே ஆட்டம்தான். 2016-இல் போலீஸ் கொலைகளைக் கண்டித்து தேசிய கீதத்தின்போது முழங்காலிட்டார். அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரைக் களத்தில் இறக்கவில்லை. அந்த முழங்கால் எந்த ஆட்டமுறையிலும் மடங்கவில்லை.

இப்போது எட்டாம் நம்பர். 2018 தேர்வுக்கு முன்னால், அணிகளை நடத்திப் புகழ்பெற்ற பில் போலியன் ஜாக்சன் ரிசீவராகப் போவதே நல்லது என்று டி.வி.யில் சொன்னார். ஜாக்சன் ஹைஸ்மன் விருது வாங்கியவர். அவருக்கு முன் நான்கு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள், நால்வரும் வெள்ளையர். அதில் ஜோஷ் ஆலன் பெரிய ஆட்டக்காரர் ஆனார், மறுப்பதற்கில்லை. ஜாக்சனை 32-ஆவதாக, முதல் சுற்றின் கடைசி ஆளாக, பால்டிமோர் எடுத்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். ஏற்கெனவே கேப்பர்னிக்கோடு வேலை செய்த கிரெக் ரோமனிடம் தாக்குதலை ஒப்படைத்து, ஜாக்சனைச் சுற்றியே எல்லாவற்றையும் கட்டினார்கள். 2019 பருவத்தில் 14 வெற்றி, 2 தோல்வி. அணி மொத்தமாக 3,296 கஜம் ஓடியது, என்.எஃப்.எல். வரலாற்றிலேயே அதிகம். ஜாக்சன் மட்டும் 1,206 கஜம் ஓடி, 36 டச் டவுனும் எறிந்தார். ஒரு வாக்குகூடக் குறையாமல் அந்த ஆண்டின் சிறந்த வீரர். போலியன் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

2020 ஜனவரியில் டென்னசியிடம் 28-12 என்று தோற்றதையும் அந்த வீட்டில்தான் பார்த்தேன். அக்கா மகன் சோறு தின்னாமல் படுத்துவிட்டான். மறுநாள் டி.வி.யில் பழைய பேச்சு திரும்ப வந்தது, இந்த ஆட்டம் பெரிய ஆட்டத்துக்கு உதவாது என்று. அந்தப் பேச்சுக்கு 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ் 40-22 என்று சூப்பர் பவுலை வென்று பதில் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2023 பிப்ரவரியில், அதே ஹர்ட்ஸும் பேட்ரிக் மஹோம்ஸும் மோதிய ஆட்டம்தான் இரண்டு பக்கமும் கறுப்பு குவார்ட்டர்பேக் தொடங்கிய முதல் சூப்பர் பவுல். பத்திரிகைகள் எல்லாம் வரலாறு வரலாறு என்று எழுதின.

எனக்கு வேறோர் ஆட்டம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. 1981 நவம்பர், மாண்ட்ரியால், கனடாவின் கோப்பைக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம் எட்மண்டனுக்கு வாரன் மூன். மறுபக்கம் ஒட்டாவாவுக்கு ஓக்லஹோமாவிலிருந்து அப்போதுதான் வந்த ஆப்ஷன் ஆட்டக்காரர் ஜே.சி. வாட்ஸ். (பின்னாளில் இவர் குடியரசுக் கட்சியில் சேர்ந்து எம்.பி. ஆனார். அந்த அரசியல் நமக்கு ஒத்துவராது, அது கிடக்கட்டும்.) பருவம் முழுக்க 5 ஆட்டம் மட்டுமே வென்றிருந்த ஒட்டாவாவை யாரும் மதிக்கவில்லை. பாதி ஆட்டத்தில் ஒட்டாவா 20-1 என்று முன்னால் நின்றது. மூனை நடுவில் வெளியே உட்காரவைத்துவிட்டுத் திரும்ப இறக்க வேண்டியிருந்தது. கடைசி நொடிகளில் ஓர் உதையில் எட்மண்டன் 26-23 என்று வென்றது. தாக்குதலில் சிறந்த வீரர் என்ற விருதை அன்றைக்குத் தோற்ற அணியின் வாட்ஸுக்குக் கொடுத்தார்கள்.