வருடப் பிறப்பும் மருத்து நீரும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. இரண்டிற்கும் அளவு வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் ஒரே நாளிற் சேர்த்துக் கொண்டாடும் பெருநாளும் நமக்கு உண்டு. அதுவே சித்திரை வருடப் பிறப்பு.

ஞாயிறு மேட இராசியிற் புகும் புண்ணிய காலத்திலே, பஞ்சாங்கத்திற் குறித்த இலைகளைத் தலையிலும் காலிலும் வைத்து, மருத்து நீர் தேய்த்து நீராடுதல் ஈழத்துச் சைவமக்களின் வழக்கமாகும். தாமரைப்பூ, தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், திப்பிலி, சுக்கு முதலியவற்றை இட்டுக் காய்ச்சிய அந்நீரைக் கோயில்களிற் குருமார் வழங்குவர். புத்தாடையும் கைவிசேடமும் பலகாரமும் அதன் பின்னரே. மிஷன் கல்லூரியிற் கற்ற நாம் ஒரு காலத்தில் இதனை வெறுஞ் சடங்கென எண்ணினோம். ஒரு துளியைத் தலையிலே தொட்டுவிட்டுப் பலகாரத் தட்டை நாடினோம். காரணத்தை வினவினோமில்லை.

ஆயுர்வேத மூலநூல்களாகிய சரக சங்கிதையும், வாக்படரின் அட்டாங்க இருதயமும் பருவத்திற்கேற்ற ஒழுக்கத்தை "இருது சரியை" என வகுத்துரைக்கின்றன. பனிக்காலத்தில் உடலிற் சேர்ந்த கபம் இளவேனில் வெயிலால் இளகிச் சமிபாட்டுத் தீயை மந்தமாக்கும் என்பது அவற்றின் கொள்கை. ஆகலின், அப்பருவத்தில் இனிப்பும் புளிப்பும் நெய்ப்பும் மிக்க கனத்த உணவையும் பகல் நித்திரையையும் விலக்குக என்றும், தேகப் பயிற்சி செய்து, மருந்துப் பொடியால் உடலைத் தேய்த்து நீராடுக என்றும் விதித்தன. ஒரு பருவத்தின் ஈற்று ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் "இருது சந்தி" எனப்படும். அந்நாட்களிற் பழைய பழக்கங்களைப் படிப்படியாக விட்டுப் புதியவற்றைப் படிப்படியாகக் கொள்ளல் வேண்டும். சடுதியான மாற்றம் நோய்க்கு வழியாகும் என்பர்.

தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். எனவே சித்திரை முதலாம் நாள் இச்சந்தியின் நடுவே நிற்கின்றது. மருத்து நீரை அந்நூல்களே விதித்தன என்று நாம் கூறவில்லை. ஆயினும் நாளும் முறையும் ஒத்திருத்தல் சிந்திக்கத்தக்கது. தமிழ்நாட்டில் அன்று வேப்பம்பூவின் கைப்பையும் விருந்திற் சேர்ப்பதும், சிங்கள மக்கள் புத்தாண்டிலே தலைக்கு எண்ணெய் வைப்பதும் இவ்வழிப்பட்ட வழக்கங்களே.

இந்நாட்டில் மருத்துவக் கல்வி பழைமை வாய்ந்தது. நான்காம் நூற்றாண்டிற் புத்ததாச மன்னன் வைத்தியத்திலும் வல்லவனாய் மருத்துவ நூலொன்றை இயற்றினான் எனச் சூளவம்சம் கூறும். மிகிந்தலையிலுள்ள பழைய மருத்துவசாலையின் இடிபாடுகளிடையே ஆளுருவாகக் குடைந்த கல்மருந்துத் தொட்டியை இன்றும் காணலாம். யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்பன நம் தமிழ் மருத்துவ நூல்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையும் தமிழிலேயே கற்பித்தார். அறிவு மக்கள் மொழியில் வழங்கினாற்றான் நிலைபெறும் என்பதை இரு மரபினரும் உணர்ந்திருந்தனர். நாமோ நீரைக் காத்துக் காரணத்தை மறந்தோம்.

இம்மறதியின் பயனை நம் வீடுகளிலே காண்கிறோம். நீரிழிவில்லாத குடும்பம் அரிதாகி வருகின்றது. சுகமாக இருந்தே பொழுது போக்குதல், மிகுந்த நித்திரை, புதுத்தானிய உணவு, வெல்லப் பண்டம் ஆகியவற்றை அவ்வகை நோய்க்குக் காரணங்களாகச் சரகர் அன்றே எண்ணினார். மருத்து நீர் இந்நோயைத் தீர்க்கும் என்று சொல்வது அறியாமை; வைத்தியர் தந்த மருந்தைப் பெருநாளிலும் விடலாகாது. அந்நீர் நமக்கு நினைவூட்டுவது அளவு ஒன்றையே.

இளைஞர்காள்! வருகின்ற வருடப் பிறப்பன்று அந்நீரின் சரக்குகளைப் பாட்டியாரிடம் கேட்டு எழுதி வைப்போம். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: "இன்னும் ஒரு பணியாரம்" என்று விருந்தினரை வற்புறுத்துவது அன்பென்றே இதுவரை கருதினோம். போதுமென்றவரைப் போதுமென்று விடுவதும் அன்பே. அவர் அடுத்த ஆண்டும் நம் வீட்டு வாயிலுக்குச் சுகமாக வருதலன்றோ உண்மையான விருந்து!