பழைய தண்டனையும் புதிய தீர்ப்பும்

மாணவச் செல்வங்களே, முன்பு திருடித் தண்டனை பெற்ற ஒருவன் மறுபடியும் திருடிப் பிடிபடுகிறான். முதன்முறை திருடியவனைக் காட்டிலும் அவனுக்கு மிகுதியான தண்டனை விதிப்பது முறையா? பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு, நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறே இவ்வினாவைத் தெளிவாக்கியது.

1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 75 ஆம் பிரிவு, 'முறையே' என்றது. நாணயம், சொத்து ஆகியவை பற்றிய குற்றங்களுள், மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய ஒன்றில் தண்டனை பெற்றவன், அத்தகைய குற்றத்தை மீண்டும் செய்தால், ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்று, திருத்தம் பெற்ற வடிவில், அது இடமளித்தது. எனினும் செஷன்ஸ் விசாரணையில், புதிய குற்றம் உறுதியாகும் முன் பழைய தண்டனை பற்றிய சாட்டை வாசிக்கலாகாது என்பது நடைமுறைச் சட்டம் வகுத்த காப்பு. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், முன்பு தவறிய மாணவனையே எல்லோர் கண்களும் நாடும் அல்லவா? அக்கண்ணோட்டம் நீதிமன்றத்தில் புகலாகாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். உப்பைப் பொதியேற்றி உள்நாட்டு ஊர்களில் விற்று வாழ்ந்தவர் குறவர். புகைவண்டி வந்தபின் அவ்வாணிகம் நலிந்தது. 1871 இல் வட இந்தியாவிற்கென எழுந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் முதலியோர் அதற்கு உட்பட்டனர். சீர்மரபினர் பட்டியலில் இப்பெயர்களை இன்றும் காணலாம்.

அச்சட்டத்தின் 23 ஆம் பிரிவைக் கேளுங்கள். அறிவிக்கப்பட்ட மரபினர் ஒருவர், அட்டவணைக் குற்றம் ஒன்றில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால், ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல்! சிறப்புக் காரணம் இருந்தாலன்றி நீதிபதி குறைக்க இயலாது. அதே திருட்டை அத்தனை முறை செய்த அயலானுக்கு இக்கட்டாயம் இல்லை. இருவர் செய்கையும் ஒன்றே. பிறப்பு மட்டுமே வேறு.

1947 இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31 இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது. 75 ஆம் பிரிவின் கொள்கையோ, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 13 ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

ஒருவன் மீண்டும் செய்த குற்றத்தைச் சட்டம் கணக்கில் கொள்ளலாம். அவன் எக்குடியிற் பிறந்தான் என்பது அக்கணக்கில் சேர்ந்த அன்றே நீதி பிறழ்ந்தது என்பது என் துணிபு.