கடைசி வண்டி: ராமேஸ்வரத்திலிருந்து திரும்பி வருவது எப்படி?

இந்த எபிசோட் தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ டிராவல் டிப்ஸ்னு நினைச்சு வந்திருந்தீங்கன்னா, மன்னிச்சுக்கோங்க. வழி சொல்றேன், ஆனா 1914-ல ஆரம்பிச்சுத்தான் சொல்லுவேன்.

முதல்ல என் கதை. 2024 தொடக்கத்துல ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஒரு நாள் டிரிப்பா ராமேஸ்வரம் போனோம். அப்போ ரயில் தீவுக்குள்ள போகாது, மண்டபத்தோட நின்னுடும். இறங்கி, ஒரு வேன் பிடிச்சு, ரோடு பாலத்துல கடலைத் தாண்டினோம். கோயில் பார்த்தாச்சு, மீன் சாப்பாடு ஆச்சு, மதியத்துக்கு மேல அரிச்சல்முனை. இரண்டு பக்கமும் கடல், நடுவுல ஒரு ரோடு, அந்த ரோடும் ஒரு இடத்துல முடிஞ்சு போகுது. மாலையில சூரிய அஸ்தமனத்தை வீடியோ எடுத்துட்டே போகலாம்னு நாங்க உட்கார்ந்திருந்தா, விசில் சத்தம். போலீஸ்காரர் ஒருத்தர் எல்லாரையும் கிளப்பிட்டு இருந்தார். ஆறு மணிக்கு மேல அங்க யாரும் இருக்கக் கூடாது.

எங்களுக்குக் கடுப்பு. வேன் டிரைவர் அண்ணன்கிட்ட, "அண்ணே, இன்னும் பத்து நிமிஷம்"னு கேட்டோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. "ஏறுங்க தம்பி. காத்து கூடுது. இங்க வர்றது நம்ம கையில, போறது காத்து கையில" அப்படின்னார்.

அந்த வரி ஊருக்குத் திரும்பின பிறகும் மண்டையில ஓடிட்டே இருந்தது. இந்த எபிசோட் அதுல இருந்து வந்ததுதான்.

ஒரு தீவு, ஒரே கதவு

பாம்பன் தீவை வரைபடத்தில் பார்த்தால் கிழக்கே நீட்டிய கை மாதிரி இருக்கும். மேற்கே, பெருநிலத்தின் பக்கம் பாம்பன். வடக்கே ராமேஸ்வரம். தென்கிழக்கில் விரல் நுனி மாதிரி தனுஷ்கோடி. பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் கடல். 1914 வரை அதைக் கடக்கப் படகுதான் வழி.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்குள் 145 தூண்கள். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு கைகளாகத் திறந்து மூடும் ஷெர்சர் தூக்குப்பாலம். இன்று நாம் அதை சுற்றுலாப் படமாகப் பார்க்கிறோம். கட்டியதன் நோக்கம் வேறு: கொழும்புக்குப் போகும் வழி.

சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி துறைமுகத்தில் இறங்கலாம். அங்கே நீராவிக் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கிருந்து வேறொரு ரயில், கொழும்பு வரைக்கும். இதுதான் 'போட் மெயில்'. அதனால் தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. அந்தக் காலத்து ரயில் பாதையில் பாம்பன்–தனுஷ்கோடிதான் முக்கியப் பாதை. ராமேஸ்வரம் போனது வெறும் கிளைப் பாதை. இன்றைக்கு அந்தக் கிளைதான் மிச்சம். மரம் போய்விட்டது.

ஒரு நாள் பயணமும் அப்போதே இருந்தது. ராமேஸ்வரம் வருகிற யாத்ரீகர்கள் தனுஷ்கோடிக்குப் போய், இரண்டு கடல் சேரும் இடத்தில் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். அப்துல் கலாமின் அப்பா ஜைனுலாப்தீன் அப்படி யாத்ரீகர்களை ஏற்றிப்போய் வரத்தான் மரப்படகு கட்டினார். அந்தப் படகு ஒரு புயலில் போனதைக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போ அவர் சின்னப் பையன். 1964-க்கு ரொம்ப முன்னாடியே அந்தக் கடல் ஒரு தடவை கணக்குத் தீர்த்துட்டுப் போயிருக்கு.

653-ம் எண் வண்டி

1964 டிசம்பர் 17-ம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. இரண்டே நாளில் கடும் புயலாக மாறி, 22-ம் தேதி இலங்கையின் வவுனியா பகுதியைத் தாண்டி, பாக் நீரிணைக்குள் இறங்கியது. அன்று இரவு அது தனுஷ்கோடிக்கு மேல் வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. அலைகள் ஏழு மீட்டர் உயரம், அதாவது இரண்டு மாடி வீடு.

அன்று இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. பதிவில் இருப்பது 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. சிக்னல் வேலை செய்யவில்லை. எங்கும் இருட்டு, மழை. டிரைவர் நீளமாக விசில் கொடுத்தார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மெதுவாக முன்னால் நகர்த்தினார் என்கிறார்கள். அப்போதுதான் கடல் எழுந்து வந்தது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிக்கணும். சிஸ்டம் டிசைன் படிச்சவங்களுக்கு 'ஃபெயில் சேஃப்'னா என்னன்னு தெரியும். ஒரு பொருள் கெட்டுப்போனா, ஆபத்தில்லாத பக்கமா கெட்டுப்போகணும். இதை நம்ம சாஃப்ட்வேர் ஆட்கள் கண்டுபிடிக்கல. அந்தக் காலத்து கைகாட்டி சிக்னலில் கம்பி அறுந்தால், எடைக்கல் இழுத்து, கை தானாக 'நில்' நிலைக்கு வந்துவிடும். ராத்திரியில் விளக்கு அணைந்திருந்தால் அதையும் 'நில்' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில்வே இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தது.

ஆனா அந்த யோசனைக்குள்ள ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு: நின்னா பாதுகாப்பு. அன்னைக்கு ராத்திரி அந்த அனுமானமே உடைஞ்சு போச்சு. நின்ற இடம் இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு மணல் திட்டு. நின்றாலும் கடல், பின்னால் போனாலும் கடல். முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு நிலையமாவது இருந்தது. அந்த டிரைவர் தப்பு பண்ணினார்னு சிலர் பேசுவாங்க. ஏசி ரூம்ல உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு மனசு வரல. அவர் முன்னாடி இருந்த எந்த பட்டனை அழுத்தியிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். தப்பு அவர் கையில நடக்கல. பாம்பன்ல வண்டி கிளம்பும்போதே நடந்து முடிஞ்சிருச்சு. போகாதேன்னு சொல்ல அங்க எந்தக் கருவியும் இல்ல.

அன்றிரவு தீவிலும் சுற்றுப்புறத்திலும் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று கணக்கிடப்பட்டது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். பகலில் தனுஷ்கோடி போய்விட்டு மாலையே திரும்பிவிட்டதாகச் சொல்வார்கள். ஊரில் இந்தக் கதையைக் கேட்காமல் வர முடியாது. சினிமாக்காரர்கள் பெயர் நினைவில் நின்றுவிட்டது. 653-ல் போனவர்களில் ஒருத்தர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது.

46 நாள்

விடிந்தபோது தீவிலிருந்து வெளியே வரும் ஒரே கதவும் இல்லை. பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்களில் 126 கடலுக்குள் போயிருந்தன. 1914-ல் போட்ட அந்தத் தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது. மற்றபடி பழைய நிலைமைதான்: மறுபடியும் படகு.

பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே போட்ட கெடு ஆறு மாதம். தெற்கு ரயில்வேயின் மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலையை ஒப்படைத்தது 32 வயது பொறியாளர் ஒருவரிடம். பெயர் இ. ஸ்ரீதரன். ஆமா, பிற்காலத்துல கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ கட்டின அதே ஸ்ரீதரன்தான். புது கர்டர்களுக்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும் என்பதால், கடலில் மூழ்கிக் கிடந்தவற்றையே தூக்கி எடுத்துப் பழைய இடத்தில் பொருத்த முடிவானது. 46 நாளில் பாலத்தில் மறுபடி ரயில் ஓடியது. பரிசு ஆயிரம் ரூபாய்.

இந்தக் கதையை எல்லா மோட்டிவேஷன் வீடியோவும் இத்தோட முடிச்சுடும். ஆனா எனக்குப் பிடிச்சது இதுக்கப்புறம் நடந்த, யாரும் ரீல்ஸ் போடாத ஒரு விஷயம்.

காற்றுக்கு ஒரு சிக்னல்

பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்து, அதைச் சிக்னலோடு இணைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும். ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தாலும் வண்டி கிளம்ப முடியாது. பயணிகள் கத்தலாம், அமைச்சரே வண்டியில் இருக்கலாம், காற்று தணியும் வரை மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்க வேண்டியதுதான்.

653-க்கு இல்லாமல் போனது இதுதான். 'போகாதே' என்று, கிளம்பும் முன்பே சொல்லும் ஒரு கருவி. மனிதனின் தைரியத்தையோ அவசரத்தையோ கேட்காத ஒரு கருவி.

தனுஷ்கோடியை அரசு வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. அந்தப் பாதை திரும்பப் போடப்படவே இல்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, தலைமன்னாருக்கு இன்னும் இருபது வருஷம் ஓடி, இலங்கையில் போர் தீவிரமானபோது நின்றுபோனது. 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி ரோடு பாலத்தைத் திறந்து வைத்தார். அதுவரை, யோசிச்சுப் பாருங்க, பஸ் மண்டபத்தோட சரி. முதல் முறையாகத் தீவுக்கு இரண்டாவது கதவு கிடைத்தது. நம்ம பாஷையில சொன்னா, 74 வருஷம் கழிச்சு ஒரு பேக்கப்.

அந்த பேக்கப் எவ்வளவு முக்கியம்னு எங்களுக்கே தெரிஞ்சது. பழைய பாலம் வயதாகி, 2022 டிசம்பர் 23-ல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேதியைக் கவனிச்சீங்களா? தற்செயல்தான். ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. புதிய பாலம், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு, 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்படும் வரை இரண்டு வருஷத்துக்கும் மேலாக ரோடு பாலம்தான் எல்லாரையும் சுமந்தது. நாங்க வேன் ஏறினதும் அதனாலதான்.

சரி, திரும்பி வருவது எப்படி?

இப்போ பதில் ரொம்ப சுலபம். ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல ரயில் ஏறுங்க, இல்ல பஸ் ஏறுங்க. தனுஷ்கோடி போனா, சாயங்காலம் விசில் அடிக்கும்போது கிளம்பிடுங்க. காற்று அதிகமா இருந்தா ரயில் நிக்கும், நீங்களும் பொறுமையா நில்லுங்க.

அன்னைக்கு அந்த போலீஸ்காரர் விசில் அடிச்சப்போ நான் முணுமுணுத்தேன். இன்னைக்கு அதே விசிலை வேற மாதிரி கேக்குறேன். 1964-ல டிரைவர் அடிச்ச விசிலுக்குப் பதில் வரல. அதுக்கான பதில்தான் அறுபது வருஷம் கழிச்சு என் காதுல விழுந்துச்சுன்னு தோணுது. நம்மைக் கடுப்பேத்துற பல விதிகள், திரும்பி வராதவங்க எழுதி வெச்சதுதான். அவங்க பேர் அதுல இருக்காது.

ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன். விசில் அடிச்சதும் நாமெல்லாம் கிளம்பிடுறோம். ஆனா வாழத் தகுதியற்றதுன்னு சொன்ன அதே தனுஷ்கோடியில, ஓலைக் குடிசைகள்ல மீனவக் குடும்பங்கள் இன்னைக்கும் இருக்காங்க. நாம வேன்ல ஏறும்போது அவங்க வலையைச் சரி பண்ணிட்டு இருந்தாங்க. நமக்கு அது ஒரு நாள் டிரிப். அவங்களுக்குத் திரும்பி வர்றதுன்னா கடலுக்குள்ள போய்ட்டு அந்த மணலுக்குத் திரும்புறதுதான். அடுத்த தடவை போனா, இடிஞ்ச தேவாலயத்தோட செல்ஃபி எடுத்துட்டு மட்டும் வராதீங்க. அந்தக் கடைகள்ல ஒரு மீன் வறுவல் வாங்கி, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுங்க. இந்த எபிசோட்ல நான் சொல்லாத பாதி அவங்ககிட்ட இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.