கழிமுக நீரில் ஒளியூடுருவல் அளவீடு

ஆறு கடலோடு கலக்கும் இடத்து நீரில் சூரிய ஒளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கணிக்கும் முறைகள். நுண்பாசி எந்த ஆழம்வரை வளரும் என்பது இதைப் பொறுத்ததாகையால் மீன்வள ஆய்வுக்கும் இது அடிப்படை. கருவிகளில் பழையதும் இன்னும் வழக்கொழியாததும் செக்கித் தட்டு: கயிற்றில் இறக்கப்படும் வெள்ளைத் தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே அதன் அளவு.

யார் முதலில் செய்தார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ரூரிக் கப்பலில் சென்ற ஓட்டோ வான் கோட்செபூ 1817-இல் சிவப்புத் துணியையும் வெள்ளைத் தட்டையும் கடலில் இறக்கிப் பார்த்திருக்கிறார். முறையான ஆய்வு என்று கொண்டால் 1865-ஐத்தான் சொல்ல வேண்டும். போப்பின் கடற்படைத் தளபதி அலெசாந்த்ரோ சியால்தி, இம்மாகுலாட்டா கொன்செசியோனே என்ற நீராவிக் கப்பலுக்கு வானியலாளர் ஆஞ்செலோ செக்கியை அழைத்தார். விண்மீன்களை நிறமாலை கொண்டு வகைப்படுத்திப் புகழ்பெற்ற இயேசு சபைத் துறவி, சிவித்தாவெக்கியா துறைமுகத்துக்கு அப்பால் கப்பல் விளிம்பில் குனிந்து நீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வழக்கிலுள்ள தட்டின் குறுக்களவு 20 அல்லது 30 செ.மீ.; அவர் இறக்கியவற்றுள் ஒன்றோ 3.73 மீட்டர், இரும்பு வளையத்தில் பாய்த்துணி போர்த்தி வெள்ளை பூசியது. தட்டின் அளவு, நிறம், சூரியனின் உயரம், மேகம், கப்பலின் நிழல் என ஒவ்வொன்றின் விளைவையும் சோதித்தார். தெளிந்த நாளில் 40 மீட்டரைத் தாண்டியும் தட்டு தெரிந்தது. இறங்க இறங்க அது வெளிர்பச்சையாகிப் பின் நீலமாகி மங்கியதையும் குறித்துவைத்தார். அறிக்கை சியால்தியின் நூலில் வெளிவந்தது. தட்டுக்குச் சியால்தியின் பெயர் நிலைக்காமல் போனது சற்று அநீதியே.

1899-இல் அமெரிக்கரான ஜார்ஜ் விப்பிள் தட்டைக் கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்களாக்கினார். ஏரி ஆய்வாளர்கள் அதையே பின்பற்றுகின்றனர்.

மறையும் ஆழத்திலிருந்து ஒளி மெலியும் வீதத்தைக் கணக்கிட, ஆங்கிலக் கால்வாயில் ஒளிமின்கலத்தோடு ஒப்பிட்டு பூலும் அட்கின்ஸும் 1929-இல் ஒரு விதி தந்தனர்: 1.7-ஐ அந்த ஆழத்தால் வகுக்க வேண்டும். கலங்கல் நீருக்கு 1.44 பொருத்தம் என்று ஹோம்ஸ் 1970-இல் காட்டினார். வண்டல் துகள்கள் ஒளியைச் சிதறடித்துத் தட்டைச் சீக்கிரம் மறைத்துவிடுகின்றன. ஒளியோ அதன் பிறகும் ஓரளவு இறங்குகிறது. தட்டு அரை மீட்டரில் மறைந்தால், மேற்பரப்பு ஒளியில் 1 சதவீதம் எஞ்சும் ஆழம் முதல் விதிப்படி சுமார் 1.35 மீட்டர், இரண்டாவதன்படி 1.6 மீட்டர். மெல்லிய ஒளியடுக்கே உள்ள கழிமுகத்தில் இது சிறிய வேறுபாடல்ல. எந்த எண்ணும் எல்லா நீருக்கும் ஒத்துவராது என்பதே பெரும்பாலோர் கருத்து.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ–சான் ஹோக்கின் டெல்டாவுக்கும் அதையடுத்த விரிகுடாவுக்கும் நீண்ட பதிவு உண்டு. தங்க வேட்டைக் காலத்தில் நீரைப் பீய்ச்சி மலையைக் கரைத்த மண் அங்கே வந்து படிந்ததை கில்பர்ட் 1917-இல் ஆவணப்படுத்தினார். ஊட்டச்சத்து மிகுந்திருந்தும் பாசி பெருகாததற்கு ஒளிக் குறைவே காரணம் என்று ஜேம்ஸ் கிளோர்ன் 1987-இல் வாதிட்டார். விரிகுடாவில் 1999-இல் மிதவண்டல் திடீரெனக் குறைந்தது. பழைய சுரங்க மண் தீர்ந்ததே காரணம் என்பது ஒரு விளக்கம். நீர் தெளிவது எல்லோருக்கும் நன்மையன்று: கைவிரல் நீளமே உள்ள டெல்டா ஸ்மெல்ட் மீன் கலங்கலைத்தான் நாடுகிறது.

செயற்கைக்கோள் அளவீடு 1978-இல் நிம்பஸ்-7 கலத்தின் கருவியோடு தொடங்கியது. திறந்த கடலுக்கு வகுத்த வாய்பாடுகள், வண்டலும் கரைந்த தாவரச் சாயமும் கலந்த கழிமுக நீரில் பிழைபடுகின்றன. தட்டு மறைவதற்கான மரபு விளக்கத்தையே சோங்பிங் லீ குழுவினர் 2015-இல் மறுத்தனர், விவாதம் தொடர்கிறது. 2013 முதல் மாலுமிகள் தாமே செய்த தட்டுகளை இறக்கி, ஆழத்தைக் கைப்பேசிச் செயலியில் பதியும் திட்டமும் நடைபெறுகிறது.